எந்தச் சர்ட்டிபிகேட் வாங்குவது?

(வாலிபர்கள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



கம்ப்யூட்டர் உத்தியோகத்திற்குப் போக விரும்பும் வாலிபர்கள் எந்தச் சர்ட்டிபிகேட் பரீட்சைக்குப் போவது என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இதைப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அச்சாபீசில் கூலிக்குச் சேர்ந்து, அங்கேயிருந்த கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டவனே தவிர, எந்தக் கம்பெனியின் சர்ட்டிபிகேட்டும் என்னிடம் கிடையாது. ஆனால் சென்ற வருஷம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சங்கதியினால், இந்தச் சர்ட்டிபிகேட் கொடுக்கிறவர்கள் தாங்களே வெளியிட்டிருக்கும் விதிகளை ஒரு மாத காலம் உட்கார்ந்து படிக்கும்படி நேர்ந்தது. படித்ததைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒருவரும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் கையிலிருக்கும் போனிலேயே அவரவர்கள் பக்கத்தைத் திறந்து சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சங்கதி என்னவென்றால், என் தங்கை மகன் பி.எஸ்.ஸி. கம்ப்யூட்டர் படித்து முடித்தான். வேலை கிடைக்கவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தார் “நான்கு சர்வதேச சர்ட்டிபிகேட், வேலை நிச்சயம், ரூபாய் 85,000” என்று விளம்பரம் செய்திருந்தார்கள். தங்கை என்னிடம் வந்து, “அண்ணா, கட்டலாமா?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒன்றுக்கு நாலு காகிதம் இருந்தால் நல்லதுதானே, கட்டு” என்று சொன்னேன். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். ஊரிலே தாயத்துக் கட்டுகிறவனை “இதில் என்ன இருக்கிறது, பிரித்துக் காட்டு” என்று கேட்கிற நான், அந்த நான்கு காகிதத்தில் என்ன இருக்கிறதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து ரசீதைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பரீட்சைக் கட்டணம் தனி என்றும், வேலை தேட உதவி மாத்திரமே செய்யப்படும் என்றும் போட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் இந்தச் சர்ட்டிபிகேட் என்பது என்ன? வைத்தியம் செய்யச் சர்க்கார் பதிவு வேண்டும். லாரி ஓட்ட லைசென்சு வேண்டும். இல்லாவிட்டால் குற்றம். ஆனால் ஒரு ஆபீசின் கம்ப்யூட்டர்களை இணைத்து வைக்க இன்ன காகிதம் இருந்தால்தான் முடியும் என்று நம் நாட்டில் சட்டம் ஒன்றும் கிடையாது. ஆகவே இது உத்தரவுச் சீட்டு அல்ல, சாட்சிச் சீட்டு. “இவனுக்கு இவ்வளவு தெரியும்” என்று ஒருவர் சாட்சி சொல்லுகிறார். வேலை கொடுக்கிற முதலாளி அந்தச் சாட்சியை நம்பினால் மதிப்பு, நம்பாவிட்டால் காகிதம். சர்க்கார் உத்தியோகத்தில் மாத்திரம் சில இடங்களில் வேறு. நம் ராஜ்யத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு சி.ஓ.ஏ. என்னும் ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்ட்டிபிகேட்டைச் சர்க்காரே கேட்கிறது. அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை, வாங்கித்தான் தீரவேண்டும். நாம் பேசுவது மற்ற வேலைகளைப் பற்றி.

சாட்சி சொல்லுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சரக்குச் செய்கிறவர்களே. சிஸ்கோ கம்பெனி நெட்வொர்க் சாமான் விற்கிறது. அந்தச் சாமானைக் கையாளத் தெரிந்தவன் என்று அதுவே பத்திரமும் கொடுக்கிறது. அமெசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுகிறது, அதைத்தான் கிளவுட் என்கிறார்கள். அதற்கும் பத்திரம் உண்டு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மோட்டார் கம்பெனிக்காரன்தானே தன் மோட்டாரைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியும்? ஆனால் மோட்டார் விற்பனை நின்றால் அந்த வித்தையின் கதி என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1990-களில் நாவல் கம்பெனியின் சி.என்.இ. என்ற பட்டத்திற்கு ஏகப்பட்ட மரியாதை இருந்தது. அந்தக் கம்பெனியின் நெட்வேர் ஆபீசுகளில் மறைந்தது, பட்டத்தின் மரியாதையும் கூடவே போயிற்று. கம்பெனியையே 2011-இல் வேறொருவர் வாங்கிக்கொண்டார். மைக்ரோசாப்ட் கம்பெனியின் எம்.சி.எஸ்.இ. என்பதற்காக நம் ஊர்களிலும் எத்தனை பேர் பணம் கட்டினார்கள்! அதை 2021 ஜனவரி 31-ந் தேதியோடு அவர்களே எடுத்துவிட்டார்கள். பொதுச் சங்கம் என்ற பெயரில் 1982-இல் ஏற்பட்ட காம்ப்டியாவின் பரீட்சை வியாபாரமும் 2025 தொடக்கத்தில் முதலீட்டுக் கம்பெனிகள் கைக்குப் போய்விட்டது.

அல்லாமலும் இந்தப் பத்திரங்களில் பலவற்றுக்கு ஆயுள் உண்டு. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. மூன்று வருஷம். அமெசானுடையதும் மூன்று வருஷம். அதற்குள் விதிப்படி புதுப்பிக்காவிட்டால் காலாவதி. மைக்ரோசாப்டின் வேலைப் பத்திரங்கள் ஒரே வருஷம். ஆனால் காசில்லாமல் வீட்டிலிருந்தபடியே புதுப்பித்துக் கொள்ளலாம், அதைச் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. எங்கள் பயிற்சிக்கூடத்தார் இந்த ஆயுள் விஷயத்தை வாயைத் திறந்து சொல்லவேயில்லை. நான்கு பத்திரத்தையும் உயிரோடு வைத்திருக்க ஒரு ஏழைக் குடும்பம் என்ன செலவு செய்யவேண்டும் என்று கணக்குப் பாருங்கள். சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு மாத்திரம் 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல், வரி தனி. தவறினால் மறுபடியும் முழுப் பணம்.

சரி, அப்படியானால் எதுவும் வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் நான் அயோக்கியனாவேன். பெரிய கல்லூரியில் படித்தவனுக்கு அந்தக் கல்லூரிப் பெயரே சாட்சி சொல்லுகிறது. நம் பிள்ளைக்கு யார் சாட்சி? மாமனா, சித்தப்பனா? ஊர் பேர் தெரியாத கல்லூரியிலிருந்து வரும் கிராமத்துப் பையனுக்குத்தான் இந்தச் சீட்டு உண்மையில் உதவுகிறது. அதனால்தான் எதை வாங்குவதென்று ஜாக்கிரதையாகப் பார்க்கவேண்டும்.

நானும் மருமகனும் என்ன செய்தோமென்றால், ஒரு நோட்டுப் போட்டோம். அவன் போய்வரக்கூடிய கோவை, சென்னை, பெங்களூர் ஆகிய ஊர்களில் அனுபவமில்லாதவர்களைக் கேட்டு வந்த வேலை விளம்பரங்களைத் தினமும் எழுதி, எந்த வேலைக்கு எந்தப் பத்திரம் கேட்கிறார்கள் என்று கோடு போட்டோம். முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிற்று. பயிற்சிக்கூடத்தார் சொன்ன நான்கில் இரண்டை ஆரம்ப வேலைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அதில் ஒன்று சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற பாதுகாப்புப் பரீட்சை. அதன் விதி என்ன தெரியுமா? அந்தத் துறையில் ஐந்து வருஷம் சம்பளத்திற்கு வேலை பார்த்திருக்க வேண்டும். தகுந்த பட்டம் இருந்தால் ஒரு வருஷம் தள்ளுபடி. அனுபவமில்லாமல் பாஸ் செய்தாலும் அசோசியேட் என்ற பெயர்தான் கிடைக்கும். வேலையே கிடைக்காதவனிடம் ஐந்து வருஷ வேலைக்காரனுக்கான சீட்டை விற்றால் அதற்கு என்ன பெயர்? (சிரிப்பு)

கிளவுட் விஷயத்திலும் இப்படியே. அமெசானில் கிளவுட் பிராக்டிஷனர் என்று 100 டாலரில் ஒரு பரீட்சையும், சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் என்று 150 டாலரில் ஒரு பரீட்சையும் இருக்கின்றன. “முதல்படி ஏறாமல் இரண்டாம்படி ஏறக்கூடாது” என்று ஏஜெண்டு சொல்லுவான். கம்பெனி அப்படிச் சொல்லவில்லை. நேராக இரண்டாவதற்கே போகலாம். வியாபாரப் பேச்சுப் பேசுகிறவர்களுக்கு முதலாவது உதவும். இயந்திரத்தை அமைத்து நடத்தும் வேலைக்குப் போகிறவன் நன்றாகப் படித்து இரண்டாவதற்குப் போனால் ஒரு கட்டணம் மிச்சம்.

லினக்ஸ் சர்வர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரெட் ஹாட் கம்பெனியின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்று ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏனென்றால் அதில் “கீழ்க்கண்டவற்றில் எது சரி” என்ற கேள்வியே கிடையாது. ஓடுகிற கம்ப்யூட்டரை முன்னால் வைத்து, இதைச் செய், அதைச் செய் என்கிறார்கள். செய்தது, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி கிளப்பினாலும் நிலைத்திருக்க வேண்டும். மனப்பாடக்காரன் அங்கே என்ன செய்வான்? புரோகிராம் எழுதும் வேலைக்குப் போகிறவர்களுக்கோ, எழுதிய புரோகிராமைக் காட்டுவதே எந்தச் சீட்டையும்விட மேல் என்பது என் அபிப்பிராயம்.

மருமகன் பள்ளி நாளிலிருந்தே எங்கள் ஊர் கேபிள்காரரோடு கம்பி இழுக்கப் போகிறவன். எந்தக் கம்பத்தில் கோளாறு என்று தேடிக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஆசை. ஆகவே நெட்வொர்க் வேலை, அதற்கு சி.சி.என்.ஏ. ஒன்று மாத்திரம் என்று முடிவு செய்தோம். 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒரே பரீட்சை, 120 நிமிஷம். முன்னே பலவாகப் பிரிந்திருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். பழகுவதற்கு விலையுள்ள ரூட்டரும் சுவிட்சும் வாங்க வேண்டியதில்லை. பேக்கெட் டிரேசர் என்று சிஸ்கோவே ஒரு பழகுகருவியை இலவசமாகக் கொடுக்கிறது. என் அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் ராத்திரி எட்டு மணிக்குமேல் அவன் அதில் ஒரு ஆஸ்பத்திரியையே கட்டினான். வைத்தியர் அறைக்கு ஒரு வலை, கணக்குப் பிள்ளைக்கு ஒரு வலை, ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியாதபடி. நானும் கூட உட்கார்ந்து பாதி கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் அவன் சிநேகிதன் ஒருவன், பரீட்சைக் கேள்விகளே விலைக்குக் கிடைக்கின்றன, டம்ப் என்று பெயர், 1,500 ரூபாய் என்று வந்து நின்றான். மருமகனுக்குச் சபலம். “மாமா, எல்லோரும் வாங்குகிறார்கள்” என்றான். நான் நீதி போதிக்கவில்லை. ஒரு கணக்குக் கேட்டேன். “/26 என்று பிரித்த வலையில் எத்தனை கம்ப்யூட்டருக்கு விலாசம் கொடுக்கலாம்?” சிநேகிதன் உடனே “62” என்றான். சரிதான், 64-இல் இரண்டு கழியும். “/27 என்றால்?” என்றேன். விழித்தான். அவன் வாங்கிய காகிதத்தில் அந்தக் கேள்வி இல்லை. மருமகன் “30” என்றான். வேலைக்கு எடுக்கிறவன் முதல் ஐந்து நிமிஷத்தில் கேட்பது இந்த மாதிரியான கேள்விதான். கண்டுபிடித்தால் கம்பெனி பத்திரத்தையும் ரத்து செய்யும், மேற்கொண்டு பரீட்சை எழுதவும் தடை போடும். 300 டாலர் கட்டிவிட்டு 1,500 ரூபாய்க்காக அதைப் பணயம் வைப்பானேன்?

நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் அவனை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டித்தான் எடுத்தார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. சி.சி.என்.ஏ. பாஸ் செய்தால் உயர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் கொடுக்கவில்லை. பரீட்சைப் பணத்தை அவனே மாதாமாதம் ஒதுக்கி வருகிறான். பயிற்சிக்கூடத்தாரிடம் மூன்று தடவை அலைந்து 20,000 ரூபாய் திரும்ப வாங்கினோம். தங்கையின் சங்கிலி இன்னும் அடகிலேயே இருக்கிறது. அதற்கு மாதா மாதம் வட்டியை நான் கட்டுகிறேன். யோசனை சொன்னவன் நான்தானே.

இன்னும் பணம் கட்டாமல் இருப்பவர்கள், பயிற்சிக்கூடத்தாரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: பரீட்சைக் கட்டணம் சேர்ந்ததா, பத்திரத்தின் ஆயுள் எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன திரும்பும். ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் ரசீதைக் கொண்டுவந்திருந்தால், கூட்டம் முடிந்தவுடன் மேடைக்கு இடதுபக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். பின்பக்கத்தைச் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.