ஏற்காட்டில் எங்கே கூடாரம் அடிப்பது?



விடுமுறை என்றால் சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. இப்போது சென்னை, பெங்களூர்க்காரர்களும் அதே மலைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். அவர்களில் ஒரு சாராருக்கு விடுதி அறை பிடிப்பதில்லை. கூடாரத்தில் படுக்க வேண்டும். இன்னும் சிலர் கேரவன் வண்டியையே வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்க நினைக்கிறார்கள். முகாம் நடத்துபவரிடம் இவர்கள் முதலில் கேட்பது, "அங்கிருந்து ஏரி தெரியுமா?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேட்டால் போதும் என்பது என் கட்சி.

ஏற்காட்டு ஏரி ஊருக்கு நடுவில் இருக்கிறது. கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை, அருகிலேயே அதன் ஹோட்டல் தமிழ்நாடு, எட்டிப் பார்த்தால் அண்ணா பூங்கா, மிளகாய் பஜ்ஜிக் கடைகள், வண்டி நிறுத்த இடம் தேடி ஹாரன் அடிக்கும் கார்கள். பகலுக்கு இதெல்லாம் வேண்டும். ராத்திரிக்கு வேண்டாம்.

மலையின் அமைப்பையும் பாருங்கள். ஏற்காடு ஏறக்குறைய 4,970 அடி உயரம். ஆனால் ஏரியைச் சுற்றிலும் மேடு. அது ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. பொழுது சாய்ந்ததும் சரிவுகளில் இறங்கி வந்து அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். பனிமூட்டமும் அங்கேதான் படுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கூடாரத்தின் உட்பக்கத் துணியைத் தொட்டுப் பாருங்கள். வெளியே ஒரு பொட்டு மழை இல்லாவிட்டாலும் விரல் நனையும். நாம் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து, முத்து முத்தாகத் திரண்டு, மடிப்பு வழியே இறங்கித் தலைமாட்டை நனைத்திருக்கும். சரிவில் கொஞ்சம் மேலே ஏறிக் காற்றோட்டமான இடத்தில் கூடாரம் போட்டவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கிண்ணத்தின் உள்சரிவில் எங்கே தண்ணீர் கொட்டினாலும் அது ஏரியை நோக்கித்தான் வரும். ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடையாகப் போய்க் கிளியூர் அருவியில், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அருவிக்கு அடியில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மக்கள் குளிக்கிறார்கள். ஆகவே முகாமுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது? தொட்டி கட்டியிருக்கிறோம், லாரி வந்து எடுத்துப் போகிறது என்று சொன்னால் நம்பலாம். "அதெல்லாம் பின்னாடி ஓடிடும் சார்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலை, மேலே மண்ணும் கீழே சார்னோக்கைட் என்னும் கடும்பாறையும் கொண்டது. பாறை மேலாக இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டினால் அது எவ்வளவுதான் உறிஞ்சும்?

கேரவன்காரர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு மடங்கு. வண்டிக்குள்ளேயே கழிவுத் தொட்டி இருக்கிறது; அதை எங்கே காலி செய்வது? அமெரிக்காவில் பல ஏரிக்கரை முகாம்களில் வண்டிக்கு மின்சாரம், குடிநீர், கழிவுக்குழாய் மூன்றையும் நின்ற இடத்திலேயே இணைத்துக் கொடுப்பார்கள். நமக்குப் பக்கத்தில் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்து, மறு ஆண்டே வாகமணில் ஒரு பூங்காவைத் திறந்தது. தமிழ்நாடு 2023-இல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டது. முகாம் நடத்துகிறவர்களும் கேரவன் நடத்துகிறவர்களும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் முறையும் வந்திருக்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நடைமுறையில், விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்த ஒரு மூலையும் ஒரு பிளக் பாயிண்டும் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் மலை ஏற வேண்டுமே! சேலத்திலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழி சுற்று. ஆனால் வளைவுகள் குறைவு, நீளமான வண்டிக்கு அதுவே சௌகரியம். 2024 ஏப்ரல் கடைசி நாளில் ஒரு பேருந்து அடிவாரம் வழி மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

சரி, எந்தப் பக்கம் தங்குவது? மாதத்தைப் பொறுத்தது. பகோடா பாயிண்ட் கிழக்கு விளிம்பு; விடியலை அங்கே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேரே அந்த முகத்தில்தான் அறையும், அப்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். லேடீஸ் சீட் பக்கம் சேலத்தின் விளக்குகள் இரவெல்லாம் மின்னும். ஆனால் ஆடிக் காற்று விளிம்பில் நிற்கும் கூடாரத்தை விட்டுவைக்காது. அந்த மாதங்களில் ஒரு மேட்டின் மறைவுக்குள் ஒதுங்கியிருப்பதே சரி.

எனக்குப் பிடித்த இடம் காபித் தோட்டத்தின் களம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இது தோட்டக்காரர்களின் மலை. கார்த்திகை முதல் தை வரை பழம் பறித்து, களத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். அந்த வேலை முடிந்ததும் களம் சும்மா கிடக்கும்: மட்டமான தரை, மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், தலைக்கு மேல் மரம் இல்லை. சிமெண்டுத் தளத்தில் ஆணி இறங்காது. ஆணி இல்லாமல் தானாக நிற்கும் கூடாரம் கொண்டு போங்கள், நான்கு மூலைக்கும் கல் வையுங்கள். மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த வாசனை. இரண்டு, மூன்று நாள்தான், பிறகு பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும். தோட்டத்துக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைக்காதீர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நிழல் தேடி மரத்தடிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் காற்றில் சுலபமாக முறியும். பலாமரத்தடி அதைவிட மோசம். பத்துக் கிலோ பழம் கூடாரத் துணியை மதிக்காது.

மரங்களைப் போலவே விலங்குகளையும் நினைவில் வையுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கப் போன ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. சேர்வராயன் யானைக் கூட்டம் நடமாடும் மலை அல்ல. ஆனால் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வரும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஒன்று நின்றால் படம் எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். மாசிக்குப் பிறகு சரிவுப் புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

உச்சியில் 5,326 அடியில் சேர்வராயன் கோயில். குகைக்குள் சாமி, வெளியே விரிந்த சமவெளி. கூடாரத்துக்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்று கை துறுதுறுக்கும். அது மலையாளிப் பழங்குடி மக்களின் குலசாமி இடம். பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெயில் இறங்கும் முன் கீழே வந்துவிடுங்கள்.

மே மாதக் கோடை விழா நாட்களில் நான் சொன்ன எதுவும் செல்லாது. கிடைத்த இடத்தில் தங்க வேண்டியதுதான். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபோது ஏற்காட்டுக்கு அது வரவில்லை. அதனால் நெரிசலைத் தவிர்க்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் பாருங்கள். சனிக்கிழமை ஏறி ஞாயிறு மாலை எல்லோரோடும் இறங்காமல், ஒருநாள் கூடுதலாக விடுப்பு எடுத்து, திங்கட்கிழமை காலை பனி விலகியதும் இறங்குங்கள்.