போரும் மக்கள் கருத்தும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழா மேடையில் இலக்கியச் சுவையை நுகரவே நாம் கூடுகின்றோம். எனினும், நாட்டு மக்கள் என்ற முறையில் நாம் சிந்திக்க வேண்டிய ஒரு வினாவை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன். மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவர்கள், போர் தொடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்யும்போது, மக்கள் கருத்தைப் பின்பற்ற வேண்டுமா? இதுவே அவ்வினா.

இதனைப் பழவங்காடியில் எழுப்புவது பொருத்தமே ஆகும். நாம் நாள்தோறும் வணங்கிச் செல்லும் பழவங்காடிப் பிள்ளையார், திருவிதாங்கூர் நாயர் படையினர் வழிபட்ட மூர்த்தி. இன்றும் அக்கோயிலைப் பேணிவருவது இந்திய இராணுவமே. அங்கே தேங்காய் உடைப்போருள் இரு வகையினர் உண்டு. சாலைக் கடைத்தெருவில் கடை திறக்கச் செல்லும் வணிகர், அலுவலகம் செல்வோர், தேர்வெழுதச் செல்லும் மாணவர் ஆகியோர் ஒரு வகை. பாங்கோட்டுப் படைமுகாமிலிருந்து எல்லைக்குப் புறப்படும் வீரர் மற்றொரு வகை. போர் வேண்டும் என்று முழங்குவோர் பெரும்பாலும் முதல் வகையினர்; களத்திற் சென்று நிற்போர் இரண்டாம் வகையினர். இவ்வேற்றுமையை மறந்து போரைப் பற்றிப் பேசுதல் தகாது.

மன்னராட்சிக் காலத்தில் மக்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும், மன்னனிடம் அஞ்சாது எடுத்துரைக்கப் புலவர்கள் இருந்தனர். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது, உறையூர் முற்றுகைக் களத்திற்கே சென்று இருவரையும் இடித்துரைத்தவர் கோவூர்கிழார். வெற்றி பெறுவோனும் தோற்போனும் ஒரே குடியினர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அங்கே மக்களின் குரல் புலவரின் நாவில் ஒலித்தது. இன்று அக்குரல் வாக்குச்சீட்டிலும், செய்தித்தாளிலும், தொலைக்காட்சியிலும், ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒலிக்கின்றது. குரல் பெருகிவிட்டது, ஆராய்ச்சியும் அதனோடு பெருகியதா என்பதே கேள்வி.

இது குறித்து இருவேறு கொள்கைகள் உள்ளன. “தலைவன் மக்களின் பணியாள், அவர்கள் சொல்வதைச் செய்வதே அவன் கடமை” என்பது ஒன்று. “மக்கள் தலைவனிடம் ஒப்படைப்பது தங்கள் குரலை மட்டும் அன்று, அவனுடைய அறிவையும் நம்பியே பொறுப்பை அளிக்கின்றனர்” என்பது மற்றொன்று. இரண்டாம் கொள்கையை 1774ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகர வாக்காளரிடமே துணிந்து கூறியவர் எட்மண்டு பர்க்கு என்னும் பேரறிஞர். இவ்விரண்டில் எது சிறந்தது என்பதை ஏட்டளவில் வாதிடுவதைவிட, நம் நாட்டு வரலாற்றில் உரசிப் பார்ப்பதே நன்று.

1962ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அக்சாய் சின் பகுதியில் சீனம் அமைத்த சாலை 1957இல் முடிவுற்றது. 1958இல் நம் அரசு சீனத்திற்கு எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. ஆனால் நாடாளுமன்றம் அச்செய்தியை அறிந்தது 1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில்தான். மறைத்து வைத்த செய்தி திடீரென வெளிப்பட்டால் மக்கள் கொதிப்படைவது இயல்பு. அக்கொதிப்பு வளர்ந்தது. 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டில்லிக்கு வந்தபோது, விட்டுக்கொடுத்தல் என்ற சொல்லை எவரும் வாய்திறந்து கூற இயலாத நிலை நாட்டில் உருவாகியிருந்தது. பேச்சு முறிந்தது. 1962 அக்டோபர் 12ஆம் நாள், இலங்கைக்குப் புறப்படும் வேளையில், நம் மண்ணிலிருந்து சீனரை அகற்றுமாறு படைக்குப் பணித்திருப்பதாகப் பிரதமர் நேரு செய்தியாளரிடம் கூறினார். நாடு மகிழ்ந்தது. ஆனால் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் வீரர்க்கு அவ்வுயர்ந்த மலைக்குளிரைத் தாங்கும் உடைகூடப் போதிய அளவில் இல்லை. எட்டே நாளில், அக்டோபர் 20ஆம் நாள், சீனப்படை பாய்ந்தது. நவம்பர் 21ஆம் நாள் சீனமே போர்நிறுத்தம் அறிவித்தபோது, நம் வீரர் 1,300 பேருக்கு மேல் மடிந்திருந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் சிறைப்பட்டிருந்தனர்.

இப்போரில் ஆக்கிரமித்தவர் யார் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. எனினும், முதலில் உண்மையை மறைத்தும், பின்னர் சினத்துக்குப் பணிந்தும் தலைவர்கள் நடந்தமையால், ஆயத்தமின்றியே நம் படை களம் காண நேர்ந்தது என்பதையும் நாம் மறுக்க இயலாது.

அக்காலத்துப் பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன். அவர் வாழ்வே மக்கள் கருத்தின் போக்கை நமக்கு விளக்கும். 1962 பிப்ரவரியில் வடக்குப் பம்பாய்த் தொகுதியில் ஆச்சாரிய கிருபளானியைப் பெரும் வேறுபாட்டில் வென்றார். அதே ஆண்டு நவம்பரில், நாடு முழுவதும் எழுந்த சினத்தால் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1971இல் நம் திருவனந்தபுரம் தொகுதி மக்களே அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பி வைத்தனர். 1974இல் மறையும்வரை அவர் இத்தொகுதியின் உறுப்பினராகவே விளங்கினார். போற்றியதும் மக்கள் கருத்து. தூற்றியதும் மக்கள் கருத்து. மீண்டும் ஏற்றதும் மக்கள் கருத்து. காலந்தோறும் திரும்பும் காற்றை நோக்கிப் பாய் விரிக்கலாம். ஆனால் திசையைத் தெரிந்துகொள்ள மாலுமிக்கு வேறு கருவி வேண்டும் அல்லவா?

அக்கருவியைக் கையாண்ட காலமும் நம் வரலாற்றில் உண்டு. 1971 மார்ச்சு 25ஆம் நாள் இரவு கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை தொடங்கியது. ஏதிலியர் வெள்ளமாக வந்தனர்; ஆண்டின் இறுதிக்குள் அவர்கள் தொகை ஏறத்தாழ ஒரு கோடியாயிற்று. உடனே படையை அனுப்புக, உடனே வங்கதேசத்தை ஏற்றுக்கொள்க என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. அக்குரலில் அறம் இருந்தது. மார்ச்சு 31ஆம் நாளே நாடாளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் பிரதமர் இந்திரா காந்தி உடனே படையை அனுப்பவில்லை. மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகள் கடல்போற் பெருகும் என்பதையும், பனிக்காலம் வரும்வரை வடக்குக் கணவாய்கள் திறந்திருக்கும் என்பதையும் தாம் எடுத்துரைத்ததாகத் தளபதி மானெக்சா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆகஸ்டு 9இல் சோவியத் நாட்டுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர்ப் பிரதமர் மேலைநாடுகளுக்குச் சென்று நம் நிலையை விளக்கினார். டிசம்பர் 3ஆம் நாள் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் எதிர்ப்படை சரணடைந்தது.

மக்கள் கருத்தை அவர் புறக்கணித்தாரா? இல்லை. ‘எதற்காக’ என்பதை மக்களிடமிருந்து பெற்றார்; ‘எப்பொழுது, எவ்வாறு’ என்பதை அறிந்தோரிடமிருந்து பெற்றார். திருவள்ளுவர் செயலுக்கு முன் ஆராய வேண்டியவற்றைத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து நான்கு அதிகாரங்களாக வகுத்து வைத்தார். 1962இல் நாம் வலியும் காலமும் இடமும் அறியாது இயங்கினோம். 1971இல் மூன்றையும் அறிந்து இயங்கினோம். இரண்டு ஆண்டிலும் மக்களின் சினம் ஒன்றுதான். தலைமை கொண்ட நெறி வேறு.

தமிழராகிய நம் நெஞ்சைத் தொட்ட மற்றொரு நிகழ்ச்சியையும் கூறாது விட இயலாது. 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது கொடுமை நிகழ்ந்தபோது, இந்தியப் படை செல்லவேண்டும் என்று தமிழகம் முழங்கியது. 1987இல் உடன்படிக்கையின்படி அமைதிப்படை சென்றது. சில திங்களில் போராளிகளோடே போர் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர் அங்கே மாண்டனர். தமிழ்ப் பொதுமக்கள் பலரும் மாண்டனர். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகத்திற்குத் திரும்பியபோது, வரவேற்க மாநில முதல்வரும் செல்லவில்லை. அனுப்பச் சொன்ன கருத்தும் நம்முடையது. வெறுத்த கருத்தும் நம்முடையது. இடையில் உயிர் நீத்தவர்க்கு நாம் என்ன விடை கூறுவோம்?

ஆதலின், என் முடிவை மூன்று கூறாகச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, மக்கள் கருத்து ஆலோசனையாக மதிக்கப்பட வேண்டும், கட்டளையாகக் கொள்ளப்படலாகாது. இரண்டாவது, ‘வேண்டும்’ என்னும் குரலையும் ‘வேண்டா’ என்னும் குரலையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பகைவர் நம் மண்ணில் புகுந்தால் காப்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. ஆனால் தானே தொடுக்கும் போருக்கு மக்கள் ‘வேண்டா’ என்றால், தலைவன் நின்றுவிட வேண்டும். இசையாத மக்களின் பிள்ளைகளைப் பலி கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை. மக்கள் ‘வேண்டும்’ என்றால், அப்போதும் அவன் ஆராயவே வேண்டும். மூன்றாவது, தலைவன் மக்களுக்கு உண்மையைக் கூறக் கடமைப்பட்டவன். உண்மை அறியாத மக்களிடம் எழுவது உணர்ச்சியே அன்றிக் கருத்து ஆகாது. 1962 தோல்வியை ஆராய்ந்த எண்டர்சன் புரூக்சு அறிக்கை 1963இல் அளிக்கப்பெற்றது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அதனை எந்த அரசும் முழுமையாக வெளியிடவில்லை. எதனால் தோற்றோம் என்பதை அறியாத மக்களிடம், அடுத்த போரைப் பற்றி நல்ல கருத்தை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

“மக்கள் சொற்படி நடவாத தலைவன் கொடுங்கோலன் ஆகமாட்டானா?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. போருக்கு முன் நாடாளுமன்றத்தின் வாக்கைப் பெற்றே தீரவேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் விதிக்கவில்லை. ஆகவே காவல் நம் கையில்தான் உள்ளது. காரணம் கேட்பதும், கணக்குக் கேட்பதும், தவறிய தலைவனைத் தேர்தலில் விலக்குவதும் நம் உரிமைகள். தலைவனை விரட்டிப் போருக்கு அனுப்புவது அவ்வுரிமைகளுள் ஒன்றன்று.

நம் இல்லங்களில் செய்தி கேட்கும் வேளையில் பிள்ளைகள் அருகில் இருக்கின்றனர். போர் முழக்கம் எழும்போது நாமும் உடன் முழங்கினால், அவர்களும் அதையே கற்பர். “யார் செல்கின்றார்? எதற்காகச் செல்கின்றார்? ஆயத்தம் உண்டா?” என்று நாம் கேட்டால், அவர்களும் அவ்வாறு கேட்கப் பழகுவர். அத்தகைய கேள்விகளைக் கேட்கும் மக்கள் உள்ள நாட்டில், மக்கள் கருத்துக்குத் தலைவன் அஞ்சவும் வேண்டா, அதனை ஏய்க்கவும் இயலாது.