தொலைவில் நடக்கும் போர் யாருக்குத் தொலைவு?



தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நாம் கூடும் இந்த அரங்கில் இம்முறை பேச எடுத்துக்கொண்டிருப்பது, கடல் கடந்து நடக்கும் ஒரு போரை, அதை நடத்தும் நாட்டின் குடிமக்களே ஏன் எதிர்க்கத் தொடங்குகிறார்கள் என்பதை. பொதுவாகப் பேசினால் இது அறவுரையாகிவிடும். எனவே வியட்நாமில் அமெரிக்கா நடத்திய போரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாம் கேட்டுப் பழகிய கதை இதுதான்: பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள்; தொலைக்காட்சி போரை வீட்டுக்குள் கொண்டுவந்தது; சவப்பெட்டிகள் வந்திறங்கின; மக்கள் மனம் மாறியது. இதில் பொய் இல்லை. ஆனால் ஒரு வரலாற்றைப் படித்தால் அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தேடுவது நமக்குப் பழகிப்போன வேலை.

காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம். டெட் தாக்குதல் நடந்த 1968இல், ஆகஸ்டு மாதம் அது 53 சதவீதம். 1971 மே மாதத்தில் 61. இது எல்லோரும் காட்டும் கணக்கு. அதே 1971இன் தொடக்கத்தில், ஆண்டு முடிவதற்குள் படைகள் அனைத்தையும் திரும்ப அழைக்க வேண்டும் என்றவர்கள் கல்லூரிப் படிப்பு உள்ளவர்களில் 60 சதவீதம், உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர்களில் 75, தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர்களில் 80. கறுப்பின மக்களும் பெண்களும் தொடக்கத்திலிருந்தே மற்றவர்களைவிடக் கூடுதலாகப் போரைச் சந்தேகித்தார்கள். படித்தவர் முற்போக்காளர், படிக்காதவர் தேசவெறியர் என்ற நினைப்பை இந்தக் கணக்கு உடைக்கிறது. அந்த நினைப்பு நம் நாட்டிலும் நிறைய உண்டு. அதைச் சுமப்பவர்களில் நம்மோடு பணியாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

மிசிசிப்பி மாநிலத்தில் மெக்கோம்ப் என்று ஒரு சிறுநகரம். 1961 முதல் அங்கே கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினார்கள். கைது, அடி, வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் குண்டு என்று எல்லாவற்றையும் பார்த்த ஊர். அந்தப் போராட்டத்தில் பங்குகொண்ட 23 வயது இளைஞர் ஒருவர் 1965இல் வியட்நாமில் கொல்லப்பட்டார். கறுப்பர்களில் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் ஏறவே முடியாத ஊரிலிருந்து, இன்னொரு நாட்டின் ஜனநாயகத்தைக் காக்க அனுப்பப்பட்டவர் அவர். ஊர்க்காரர்கள் ஜூலை மாதம் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்கள். மிசிசிப்பியில் கறுப்பர்களுக்கு விடுதலை வரும்வரை எந்தக் கறுப்பு இளைஞரும் வியட்நாமில் போரிடக் கூடாது, தாய்மார்கள் பிள்ளைகளைப் போகவிடக் கூடாது என்பது அதன் சாரம். அதில் இன்னொரு காரணமும் இருந்தது: எங்களைப்போலவே நிறத்தால் ஒதுக்கப்பட்ட இன்னொரு மக்களைக் கொல்லச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதே மாதத்தில்தான் அதிபர் ஜான்சன் வியட்நாமில் படை எண்ணிக்கையை 1,25,000ஆக உயர்த்துவதாக அறிவித்தார். பெரிய மாணவர் ஊர்வலங்கள் பலவும் அதற்குப் பிறகு வந்தவை. மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் செய்தித்தாளில் இந்த அறிக்கை வந்தபோது, இது கட்சியின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு அல்ல என்று தலைமை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தலைவர்களுக்கு முன்பே ஊர் பேசிவிட்டது.

அவர்களை இப்படிப் பேச வைத்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாரைப் படைக்கு அழைப்பது என்பதை அந்தந்தப் பகுதியின் ஆள்சேர்ப்பு வாரியம் முடிவுசெய்தது. வாரியத்தில் இருந்தவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் போதும். 1966இல் நாடு முழுவதும் இந்த வாரிய உறுப்பினர்களில் கறுப்பர்கள் 1.3 சதவீதம். மிசிசிப்பியில் ஒருவர்கூட இல்லை. கல்லூரியில் படித்தால் அழைப்பு தள்ளிவைக்கப்படும். கல்லூரிக்குப் போக முடிந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மக்கள்தொகையில் கறுப்பர்கள் 11 சதவீதம். போரின் தொடக்க ஆண்டுகளான 1965, 66இல் களத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பர். எதிர்ப்பு வலுத்தபின்தான் அந்த விகிதம் இறங்கியது.

1966இல் பாதுகாப்புச் செயலர் மெக்நமாரா ‘ஒரு லட்சம் பேர் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். தேர்வில் தோற்று முன்பு ஒதுக்கப்பட்டவர்களை ராணுவம் எடுத்துக்கொண்டு, தொழில் கற்றுக்கொடுத்து, வறுமையிலிருந்து மீட்குமாம். 1971க்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் கறுப்பர்கள். தகுதி இல்லை என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குச் சாகும் இடத்தில் மட்டும் தகுதி கிடைத்தது.

1966 ஜனவரி 3 அன்று அலபாமாவின் டஸ்கீகியில் சாமி யங் என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதில் எழுந்த தகராறு. மூன்றே நாளில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு போருக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. அதை ஆதரித்த ஒரே காரணத்துக்காக, ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூலியன் பாண்டுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் 184 பேர், ஆதரித்தவர்கள் 12 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே அவர் உள்ளே போக முடிந்தது.

மார்ட்டின் லூதர் கிங்கின் தயக்கத்தை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. 1964இல் குடிமை உரிமைச் சட்டத்திலும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டவர் ஜான்சன். அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது? சட்டம் கொடுத்த ஆட்சியைப் பகைத்தால் அடுத்த சட்டம் வருமா? இந்தக் கேள்வியோடு தலைமைச் செயலகப் படியேறியவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். 1965இல் கொஞ்சம் பேசிவிட்டுப் பின்வாங்கிய கிங், 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் முழுதாகப் பேசினார். வறுமை ஒழிப்புக்கு ஒதுக்கிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்றார். ஒரே பள்ளியில் சேர்ந்து உட்கார முடியாத கறுப்பு, வெள்ளை இளைஞர்கள் அங்கே சேர்ந்து ஏழைக் குடிசைகளை எரிக்கிறார்கள் என்றார். அதோடு நிற்காமல், வியட்நாம் உழவர்களின் பக்கம் நின்று இந்தப் போரைப் பார்க்கச் சொன்னார். நாட்டின் பெரிய நாளிதழ்கள் அவரைத் தாக்கின. கறுப்பின மக்களின் பழைய அமைப்பு ஒன்றே, இரண்டு இயக்கங்களையும் கலப்பது தவறு என்று தீர்மானம் போட்டது. சரியாக ஓராண்டு கழித்து அவர் கொல்லப்பட்டார்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஜான் முல்லரின் வாதம் தெரிந்திருக்கும்: தம் பக்கத்து இழப்பு ஏற ஏறப் போருக்கான ஆதரவு இறங்குகிறது. எண்கள் அவருக்கு ஒத்துழைக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் இறந்த அமெரிக்கர்கள் 58,000 பேர் உண்டு. லட்சக்கணக்கான வியட்நாமியர் இல்லை. மனமாற்றத்தின் தரம் அந்தக் கோட்டில் தெரியாது.

1968 மார்ச் 16 அன்று மைலாயில் அமெரிக்கப் படையினர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் காலி ஒருவர்தான், 1971 மார்ச்சில். அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்று காலப் கணிப்பில் சொன்னவர்கள் 79 சதவீதம். மேலதிகாரிகள் தப்பிவிட்டார்கள் என்ற நியாயமான கோபமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் போர் தவறு என்றவர்கள் 61 சதவீதம். பெரும்பாலோருக்குப் போர் தவறாகப் பட்டது அது நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால். மெக்கோம்ப்காரர்கள் சொன்ன தவறு வேறு. அங்கே சாகிறவரையும் அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

களத்திலிருந்து திரும்பிய படைவீரர்கள் சிலரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1971 தொடக்கத்தில் டெட்ராய்டில் கூடி, தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் சாட்சியமாகச் சொன்னார்கள். ஏப்ரலில் தங்கள் பதக்கங்களை நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வீசி எறிந்தார்கள்.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதற்கு முன்பே படைகள் திரும்பத் தொடங்கியதும் கல்லூரி வளாகங்கள் அமைதியாகிவிட்டன. அதன் பிறகு அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் போர் நடத்த முடிந்தது. வசதியான வீட்டுக் கதவை எந்த அழைப்பாணையும் தட்டவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாராவது மைலில் அளந்திருக்கிறார்களா? போர் தொலைவில் நடப்பதும் அப்படித்தான்.

நமக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1966இல் கறுஞ்சிறுத்தைகள் வைத்த பத்து அம்சங்களில் ஒன்று, கறுப்பின ஆண்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. 1972இல் பம்பாயில் அவர்கள் பெயரை எடுத்துக்கொண்ட தலித் சிறுத்தைகள், மறு ஆண்டு அறிக்கையில் வியட்நாமையும் தங்கள் கண்முன் உள்ள எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது; மாணவர்கள் அதைத் தவிர்க்க வேண்டாம். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதார். அந்த வீட்டுக்குள் கல்வி வந்த வழிகளில் ராணுவமும் ஒன்று. மகர்களைப் படையில் சேர்க்க அம்பேத்கர் வற்புறுத்தினார். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. அமெரிக்காவிலும் 1960களில் சேவைக்காலம் முடிந்தபின் மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் வெள்ளையரைவிடக் கறுப்பரில் அதிகம். சம்பளமும் சீருடையும் வேறெங்கும் கிடைக்காத மரியாதையும் அங்கே கிடைத்தன. பிள்ளையைப் போகவிடாதே என்று மெக்கோம்ப் தாய்மார்களிடம் சொன்னவர்கள், இந்தச் சம்பளத்தையும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். நம் பகுதிகளில் அதை எப்படிச் சொல்வது, சொல்ல நமக்கு என்ன உரிமை என்பதைக் கலந்துரையாடலில் பேசுவோம்.