தெளிந்த இரைப்பை

குளத்தின் அடியிலே கிடக்கும் சிறு காசைக் காண்பதற்குக் கூரிய கண் மட்டும் போதாது; நீரும் தெளிந்திருத்தல் வேண்டும். வாய் வழியே குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் வைத்தியரின் நிலையும் இதுவே.

1868ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில், அடொல்ப் குஸ்மவுல் என்னும் வைத்தியர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயொன்றைச் செலுத்தினார். குழாய் சென்றது, காட்சி கிட்டவில்லை. வெளிச்சம் போதவில்லை, ஊறிவந்த நீரும் மறைத்தது. இன்றோ வளையும் குழாயின் நுனியிலே நுண்ணிய கமராவும் ஒளியும் உள்ளன. வெளிச்சக் குறை தீர்ந்தது. மறைப்பை நீக்குவதோ ஒவ்வொரு நோயாளியிடத்தும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.

மறைப்பவை மூன்று: உணவு, நுரை, சளி.

உணவை விலக்குவது நோயாளியின் கையில் உள்ளது. பொதுவாக, சோதனைக்கு முன் 6 மணி நேரம் உணவு கூடாது. தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்வரை அருந்தலாம். பாற்றேநீர் தெளிந்த நீரன்று. பால் கலந்தது உணவோடு சேரும். இரைப்பையில் எஞ்சிய உணவு காட்சியை மறைப்பதோடு, மேலெழுந்து சுவாசப்பையினுள் புகுந்து உயிருக்கே ஆபத்து விளைக்கவுங் கூடும். நீரிழிவு உடையோருக்கு இரைப்பை மெதுவாக வெறுமையாகலாம்; ஆதலால் அவர்கள் உணவையும் மருந்தையும் பற்றி முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நுரைக்கும் சளிக்கும் மருந்து உண்டு. சிமெதிக்கோன் என்பது குமிழிகளின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அவற்றை உடைக்கும். அது இரத்தத்திற் கலப்பதில்லை. அசெற்றைல்சிஸ்ரீன் சளியின் பிணைப்புகளை அறுத்து அதனை இளக்கும். யப்பானிலே புரோனேஸ் என்னும் நொதியத்தை இதற்கெனப் பயன்படுத்துகின்றனர். இவற்றைச் சிறிதளவு நீரிற் கலந்து, குழாய் செலுத்துவதற்குச் சற்று முன்னர் அருந்தக் கொடுப்பர். நோயாளிக்கு அது ஒரு மிடறு நீர். வைத்தியருக்கோ துடைத்த கண்ணாடி.

இத்துணை கவனம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். இரைப்பைப் புற்றுநோய் தொடக்கத்திலே கட்டியாகத் தோன்றுவது அரிது. சிறு சிவப்பு, சற்றே வெளிறிய இடம், மெல்லிய பள்ளம், பெரும்பாலும் அவ்வளவே. நகத்தளவு சளி அதனை மூடிவிடும். கழுவிக் கழுவிப் பார்க்க நேர்ந்தால், பார்க்கும் நேரம் கழுவுவதிலேயே கழியும். அந்நிலையிலே கண்டுகொண்டால், பலருக்கு வயிற்றைக் கீறாமல் குழாய் வழியாகவே அதனை அகற்றிவிட முடியும். காணாது விட்டால், “ஒன்றுமில்லை” என்ற சொல்லோடு நோயும் வீடு திரும்பும்.

ஆகவே நேயர்களே, உங்கள் வைத்தியசாலை தரும் அறிவுறுத்தலை வழுவாது பின்பற்றுங்கள். மறதியாக விடியலிலே தேநீர் அருந்தியிருந்தால், நாணாது அதனைச் சொல்லிவிடுங்கள். சோதனை மற்றொரு நாளுக்குத் தள்ளிப்போகலாம். அது சிறு நட்டம். மறைத்த உண்மையோ, மறைந்த நோயாக முடியலாம்.