மைதானம் யாருடைய சொத்து?

(தாராவியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளிலும் துணி துவைப்பதையும் தண்ணீர் பிடிப்பதையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ். நோட்டீசைப் பார்த்த நம் அண்ணாச்சி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ரேஸ்கோர்சுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்? அது குதிரை வைத்திருக்கிறவன் கவலை. நமக்கு இருக்கிற பத்துக்குப் பத்து அறை நிலைக்குமா என்பதே தெரியவில்லை. நீ மைதானத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாயே!"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மாகிமில் வண்டி ஏறினால் மாதுங்கா ரோடு, தாதர், பிரபாதேவி, லோயர் பரேல். ஐந்தாவது நிலையம் மகாலட்சுமி. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த மைதானம் இருக்கிறது. பழைய சதுப்பு நிலம். 1883-ல் அங்கே குதிரை ஓடத் தொடங்கியது. மொத்தம் ஏறத்தாழ 211 ஏக்கர். இதில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுக்குச் சொந்தம், ஒரு பங்கு மாநகராட்சிக்குச் சொந்தம். பந்தயக் கிளப் வெறும் குத்தகைதாரர்தான். அந்தக் குத்தகை 2013 மே 31-ம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுக்கு மேல் புதுக் குத்தகை இல்லாமலே குதிரைகள் ஓடின. நம்மில் ஒருவர் வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகு பத்து நாள் கூடுதலாக இருந்து பார்க்கட்டும். பாத்திரம் பண்டம் தெருவுக்கு வந்துவிடும்!

குத்தகை முடிந்த அன்றிலிருந்தே அந்த நிலத்தின்மேல் பலருக்குக் கண். 2013-லேயே கேளிக்கைப் பூங்கா கட்டலாம் என்று மாநகராட்சியில் பேச்சு எழுந்தது. கடைசியில் 2024-ல் முடிவு வந்தது. 91 ஏக்கர் கிளப்புக்கு. 2053 வரை குத்தகை. 120 ஏக்கர் மாநகராட்சிக்கு. கடற்கரைச் சாலைக்காகக் கடலைத் தூர்த்த நிலத்தில் 175 ஏக்கரையும் இதோடு சேர்த்து, ஏறத்தாழ 300 ஏக்கரில் மத்தியப் பூங்கா என்று அறிவித்தார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. பின் ஏன் அந்த வட்டாரத்து மக்கள் எதிர்த்தார்கள்?

இரண்டு காரணம். முதலாவது, பூங்கா என்ற பேச்சோடு கூடவே நிலத்தடியில் விளையாட்டு அரங்கம், கார் நிறுத்துமிடம் என்ற பேச்சும் வந்தது. மண்ணைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் கொஞ்சம் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்தால் அது பூங்காவா, மொட்டை மாடியா? இரண்டாவது, கேட்ட முறை. 2024 ஜனவரியில் கிளப் உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டுச் சம்மதம் தெரிவித்தார்கள். சரி, குத்தகைதாரர் ஓட்டுப் போட்டார். நிலத்தின் சொந்தக்காரரான பொதுமக்களிடம் யார் ஓட்டுக் கேட்டது? மாநகராட்சி உறுப்பினர்களின் காலம் 2022 மார்ச்சிலேயே முடிந்து, நிர்வாக அதிகாரி ஆண்ட காலம் அது. நமக்காகக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத நேரத்தில் இந்த ஊரின் மிகப் பெரிய திறந்தவெளிகளில் ஒன்றைப் பற்றி முடிவெடுத்தார்கள்.

விற்பதாக யாரும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். தோழர்களே, இந்தக் காலத்தில் பொது நிலத்தைத் தமுக்கடித்து ஏலம் போடுவதில்லை. முதலில் வரைபடத்தில் ஒரு நிறம் மாறும். பிறகு விதியில் ஒரு வார்த்தை மாறும். மூன்றாவதாகத்தான் தகர வேலி வரும். வேலி வந்த பிறகு கூச்சல் போட்டுப் பயனில்லை.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. நம் கண்முன்னே நடந்த மில் நிலத்தின் கதை இதுதான். 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நடு நகரத்தில் ஏறத்தாழ 600 ஏக்கர் மில் நிலம். 1991-ல் ஒரு விதி வந்தது: மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. நல்ல விதிதான். 2001-ல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது போய், கட்டிடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்று ஆயிற்று. மில் என்றாலே கட்டிடந்தானே! காலி நிலம் எவ்வளவு இருக்கும்? உயர்நீதிமன்றம் 2005-ல் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்சநீதிமன்றம் 2006 மார்ச்சில் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பூங்காவும் தொழிலாளி வீடும் சுருங்கின. கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இன்னொன்று சொல்கிறேன். அந்தக் கோபுரங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள்? பழைய நிலையங்கள், பழைய குறுகிய பாலங்கள் வழியாகத்தான். அப்போது எல்பின்ஸ்டன் ரோடு என்றிருந்த நிலையத்தின் நடைப்பாலத்தில் 2017 செப்டம்பர் 29-ம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் மாண்டார்கள். பாலத்தைக் காலத்தில் அகலப்படுத்தியிருக்க வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நிலத்தை விற்கும்போது அதில் எத்தனை பேர் வருவார்கள், எங்கே நடப்பார்கள், எங்கே மூச்சு விடுவார்கள் என்று கணக்குப் பார்க்காதவர்களுக்கும் அந்தச் சாவில் பங்குண்டு.

இப்போது ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் குதிரைப் பந்தயத்தைக் காப்பாற்ற வரவில்லை. சம்பள நாளில் பந்தயத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தைத் தடுக்கச் சட்டமே செய்தார்கள். அது சூதல்ல, திறமை ஆட்டம் என்று 1996-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்கு அது திறமையாக இருக்கட்டும். பானை காலியான வீட்டுக்கு அது சூதுதான். ஆகவே பந்தயம் வேறு, மைதானம் வேறு. குதிரை போனாலும் போகட்டும், புல் இருக்க வேண்டும் என்பதே நம் நிலை. அதே நேரத்தில் லாயங்களில் குதிரைக்குத் தீனி போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டிப் பிழைக்கிற தொழிலாளர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு அந்தப் புல்லை நாம் கேட்கவில்லை. அவர்களுடைய வேலையும் வீடும் எந்தத் திட்டத்திலும் முதல் வரியாக இருக்க வேண்டும்.

திறந்தவெளி என்பது பணக்காரர் காலையில் நடை பழகுகிற இடம் மட்டுந்தானா? 2005 ஜூலை 26-ஐ மறந்துவிட்டீர்களா? சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை. மித்தி ஆறு நம் வீட்டுக்குள் வந்தது. மண் இருந்தால் தண்ணீரைக் கொஞ்சமாவது குடிக்கும். கான்கிரீட் ஒரு சொட்டும் குடிக்காது. மேட்டில் குடிக்காத தண்ணீர் பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குத்தான் வரும். பள்ளத்தில் இருப்பவன் யார்? நாம்தான்.

2020 ஏப்ரலில் கொரோனா தாராவிக்குள் வந்தபோது என்ன நடந்தது? பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் எப்படி விலகி இருப்பது? நம் பக்கத்து இயற்கைப் பூங்கா வளாகத்தில் 200 படுக்கையோடு சிகிச்சை மையம் அமைத்தார்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் மையம் அமைத்தார்கள். அந்த இடங்களில் அன்றைக்கு அடுக்குமாடி நின்றிருந்தால் கட்டிலை எங்கே போட்டிருப்பார்கள்?

அந்த இயற்கைப் பூங்காவே ஒரு பாடம். 37 ஏக்கர். ஒரு காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேடு. அதன்மேல் மரம் வைத்து வளர்த்து 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். தாராவித் திட்டத்துக்குள் அதையும் இழுத்துவிடுவார்களோ என்று மக்கள் நீதிமன்றம் போனார்கள். அது திட்டத்தில் சேராது என்று அரசு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. கேட்டதால் வந்த பதில் அது. கேட்காமல் இருந்திருந்தால்?

இனி, சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூனில் குர்லாவில் மதர் டெயரி நிலம், ஏறத்தாழ 21 ஏக்கர், தாராவித் திட்டத்துக்கு என்று மாநில அரசு உத்தரவு போட்டது. அங்கே மரங்கள் இருக்கின்றன. நேரு நகர் மக்கள் எதிர்த்தார்கள். எங்களுக்குப் பூங்கா வேண்டும் என்றார்கள். போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "நமக்கு வீடு வருகிற இடத்தில் அவர்களுக்குப் பூச்செடி கேட்கிறதோ?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அன்றைக்குக் கோபந்தான். ஒரு வாரம் யோசித்தேன்.

கணக்கைப் பாருங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று காட்டுகிறவருக்குத் தாராவிக்குள் வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும், மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. வெளியே என்றால் எங்கே? குர்லாவில் 21 ஏக்கர். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கம் உப்பள நிலம் 255 ஏக்கர். தேவனார் குப்பை மேட்டில் 124 ஏக்கர். நம்மை வெளியே அனுப்புவதற்கு ஊரெல்லாம் நிலம் கிடைக்கிறது. தாராவிக்குள் விலைக்கு விற்கிற கட்டிடங்களுக்கும் நிலம் கிடைக்கிறது. நம் தாத்தாமார் தோல் பதனிட்டு, சதுப்பைத் தூர்த்து உண்டாக்கிய தாராவியில் நமக்கு மட்டும் நிலம் போதாதாம்!

அப்படியானால் குர்லாக்காரர் நமக்கு எதிரியா? "எங்கள் திறந்தவெளியை எடுக்காதே" என்று அவர்கள் சொல்கிறார்கள். "எங்களைத் தாராவியிலிருந்து எடுக்காதே" என்று நாம் சொல்கிறோம். இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம். அவர்களில் யாராவது தாராவிக்காரர் என்றால் முகம் சுளித்துப் பேசினால் அதை அவர்கள் முகத்துக்கு நேரே கண்டிப்போம். ஆனால் அவர்கள் மரத்தை வெட்டிய இடத்தில் நம்மைக் குடியேற்றி, அவர்கள் நம்மைத் திட்ட, நாம் அவர்களைத் திட்ட, நடுவில் தாராவி நிலம் கைமாறுவதற்கு நாம் துணை போகக் கூடாது. போன கூட்டத்தில் கை தட்டிய நாம் இந்தக் கூட்டத்தில் அதை மாற்றிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

அரசு நினைத்தால் நிலத்தை மீட்க முடியும். 2024-ல் ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம் 52 ஏக்கரையும் வாடகை பாக்கிக்காகத் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தியது. அதே ஆண்டு கிண்டி ரேஸ்கோர்சின் குத்தகையையும் ரத்து செய்தது. பூங்கா அமைப்பதாக அங்கேயும் அறிவித்தார்கள். அங்கேயும் நம் ஊர்க்காரர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது இதே விஷயந்தான்: அந்த மண் மண்ணாகவே இருக்கிறதா?

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: ரேஸ்கோர்சின் 120 ஏக்கரிலும் மண்ணுக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம் வணிகக் கட்டிடம்.

இரண்டு: பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. மகாலட்சுமி நிலையத்திலிருந்து நடந்து வருகிற குடும்பத்துக்கு நேர் வழி வேண்டும். கார் வைத்திருப்பவனுக்கு மட்டும் வசதியான பூங்கா நமக்குத் தேவையில்லை.

மூன்று: கிளப்பின் 91 ஏக்கர் குத்தகை 2053-ல் முடியும்போது பொதுமக்களைக் கேட்காமல் புதுப்பிக்கக் கூடாது. அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். இங்கே மடியில் தூங்குகிற குழந்தைகள் இருப்பார்கள்.

நான்கு: தாராவித் திட்டத்தில் விளையாட்டு மைதானம் எது, எத்தனை சதுர மீட்டர் என்பதைச் சர்வே எண்ணோடு தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஐந்து: தாராவி மக்களுக்குத் தாராவியில் வீடு. அடுத்தவர் திறந்தவெளியில் வேண்டாம்.

கோரிக்கை வாசித்தால் போதாது. வேலையும் சொல்கிறேன். வளர்ச்சித் திட்டத்தில் மாற்றம் செய்ய வேண்டுமானால் 1966-ம் ஆண்டு மகாராஷ்டிர நகரமைப்புச் சட்டப்படி அறிவிப்புப் போட்டு, ஆட்சேபம் சொல்ல ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அந்த அறிவிப்பு பத்திரிகையின் மூலையில் சின்ன எழுத்தில் வரும். அதைத் தேடிப் படிக்க நம் பிள்ளைகளில் நாலு பேர் வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுதத் தெரியாது என்ற கவலை வேண்டாம். ஞாயிறு காலை 10 மணியிலிருந்து நான் சங்க அறையில் இருக்கிறேன். வாருங்கள், எழுதித் தருகிறேன். ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். பெண்களின் கையெழுத்து அதிகமாக இருக்க வேண்டும். பிள்ளை எங்கே விளையாடுகிறான் என்று மணிக்கொரு தரம் தெருவை எட்டிப் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குர்லா நேரு நகர் நண்பர்களைப் போய்ப் பார்க்கலாம் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். பத்துப் பேராவது வர வேண்டும். போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்கா முதலில் வர வேண்டும். அதே கேள்வியை அங்கேயும் கேட்கட்டும். அவர்கள் பதிலையும் கேட்டுக்கொண்டு வருவோம்.

அண்ணாச்சி, ரேஸ்கோர்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். அந்த 120 ஏக்கரில் எனக்கும் உங்களுக்கும் பங்குண்டு. பங்காளியைக் கேட்காமல் சொத்தைத் தொட்டால் நம் ஊரில் சும்மா விடுவோமா?