பாதி தெரிகிற பட்டனை அமுக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம் குழுக்கள் பலவற்றில் இப்போது நோட்டோடு சேர்த்து செல்போன் செயலியிலும் கணக்கு ஏற்றுகிறோம். நாங்கள் போகிற ஊரிலெல்லாம் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "நமக்குப் படிப்பு பத்தலைங்க மேடம், அதான் போன் புரியல." போனை வாங்கிப் பார்த்தால் குறை படிப்பில் இல்லை. திரையில் இரண்டு பட்டன். இரண்டிலும் "கடன் தொ..." என்றுதான் இருக்கிறது! ஒன்று "கடன் தொகை பெற", மற்றது "கடன் தொகை செலுத்த". பட்டம் படித்தவருக்கும் இது புரியாது.

ஏன் இப்படி? பட்டனின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளையின் சட்டையைப் பெரியவருக்கு மாட்டிய கதைதான். அதோடு, ஆங்கிலத்தில் 'செலுத்து', 'பெறு' என்கிற சொல் முதலில் வரும். தமிழில் கடைசியில் வரும். வெட்டு விழுவதும் கடைசியில்தானே! முக்கியமான சொல்லே போய்விடுகிறது.

தொகையும் அப்படித்தான். "1,2..." என்று நின்றால் அது 1,200 ரூபாயா, 1,25,000 ரூபாயா? நோட்டில் நாம் தொகையை வலது ஓரம் ஒட்டி எழுதுகிறோம். இடது ஓரம் ஒட்டி வரிசையாக வந்தால் 1,500-க்கும் 15,000-க்கும் கண் ஏமாந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. மூன்று புள்ளி தெரிந்தால் உடனே அமுக்காதீர்கள். போனைப் படுக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். செட்டிங்ஸில் எழுத்தின் அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

2. நோட்டில் உள்ள தொகையோடு ஒத்துப் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள்.

3. அப்படியும் சரியாகவில்லையா? பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பெரும்பாலான போன்களில் திரை படமாகிவிடும். பெயர், கணக்கு எண்ணை மறைத்து, தீர்மானத்தில் எழுதி, கூட்டமைப்புக்குக் கொடுங்கள்.

செயலி செய்பவர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. சொல் நீண்டால் அடுத்த வரிக்கு இறங்கட்டும். பட்டனின் உயரம் கூடட்டும். தொகை வலது ஓரத்தில் முழுசாக நிற்கட்டும். எழுத்தைப் பெரிதாக்கிச் சோதித்த பிறகு நம் கைக்குத் தரட்டும்.

படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று குழுவில்தான் கற்றுக்கொண்டோம். பட்டனை அமுக்குவதும் கையெழுத்துதான். முழுசாகத் தெரியாமல் அமுக்க மாட்டோம். தெரியும்படி செய்யுங்கள் என்று கேட்கவும் தயங்க மாட்டோம்.