காதோரத்து மெல்லொலி

முடிதிருத்துபவரின் கத்தரிக்கோல் காதருகே மெல்ல ஒலிக்கும்போது சிலருக்கு உச்சந்தலையிலே ஒருவகைக் கூச்சம் தோன்றுகின்றது. அது பிடரிவழியாக இறங்கித் தோள்களிலே பரந்து, முதுகந்தண்டோடு ஓடி, உடலைத் தளர்த்திக் கண்களை மூடச் செய்கின்றது. வேறு சிலருக்கு யாரேனும் புத்தகத்தின் தாளை மெதுவாகப் புரட்டினாலே போதும். இன்னுஞ் சிலருக்குப் பக்கத்திலிருப்பவர் தம் வேலையிலே ஆழ்ந்து, அவசரமின்றிப் பென்சிலால் எழுதும் ஓசை இதனை எழுப்பிவிடும். இச்சிலிர்ப்பை அறியாதவர்களுக்கு இதனை விளக்குதல் எளிதன்று. அறிந்தவர்களோ நெடுங்காலம் அதனைப் பிறரிடம் சொன்னாரல்லர். சொல்வதற்கு ஒரு பெயர் இல்லாமை ஒரு காரணம். சொன்னால் நகைப்பார்களோ என்ற நாணம் மற்றொரு காரணம்.

2007ஆம் ஆண்டளவில் இணையத்திலே சிலர் தம் பெயரை மறைத்துக்கொண்டு, தமக்கு நேரும் இவ்விநோத உணர்ச்சி வேறெவருக்கேனும் உண்டா என்று வினவத் தொடங்கினர். 'எனக்கும் உண்டு' என்ற விடைகள் பல திசைகளிலிருந்தும் வந்தன. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிபர் அலன் என்னும் பெண்மணி இதற்கு 'ஒட்டோனமஸ் சென்சரி மெரிடியன் றெஸ்பொன்ஸ்' என்று பெயரிட்டார். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.எஸ்.எம்.ஆர். என இன்று உலகம் வழங்குகின்றது. கேட்பதற்கு வைத்திய நூலொன்றிலிருந்து எடுத்த பெயர்போலத் தோன்றினும், அதனை ஆக்கியவர் வைத்தியருமல்லர், விஞ்ஞானியுமல்லர். நாணத்தோடு பேசப்பட்ட ஒன்றை நாணமின்றிப் பேசுவதற்காகவே அவர் அத்தகைய கனத்த பெயரைத் தேர்ந்தார். பெயரின் பொருத்தத்தைப் பற்றிப் பண்டிதர்கள் வாதிடலாம். ஆனால் அது தன் வேலையைச் செய்தது என்பதிலே ஐயமில்லை. தனித்தனியே தம்மை விசித்திரப் பிறவிகளென எண்ணியிருந்தவர்கள் ஒரே நாளில் ஒரு கூட்டத்தினராயினர்.

நல்ல சங்கீதத்தைக் கேட்கும்போது உண்டாகும் புல்லரிப்பும் இதுவும் ஒன்றல்ல. சங்கீதப் புல்லரிப்பு மின்னல்போலத் தோன்றிச் சில செக்கன்களில் மறைவது, உள்ளத்தைக் கிளர்த்துவது. இதுவோ மெல்லப் பரவுவது. சில வேளைகளில் நிமிடக்கணக்காய் நிலைப்பது. உறக்கத்தின் வாயிலிலே கொண்டுபோய் விடுவது.

பெயர் புதிதாயினும் அநுபவம் புதிதன்று. 1925ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிசிஸ் டலோவே' என்ற நாவலில், போரினால் மனம் நொந்த செப்டிமஸ் என்பவன் இலண்டன் பூங்காவொன்றில் அமர்ந்திருக்கின்றான். வானத்திலே விமானம் புகையால் எழுதும் எழுத்துகளைத் தாதியொருத்தி அவனருகே நின்று மெல்ல வாசிக்கின்றாள். அக்குரல் அவன் முதுகிலும் மூளையிலும் செய்த இன்பத்தை வேர்ஜீனியா வுல்ப் வருணித்திருக்கும் முறையைக் காணுமிடத்து, அவர் இதனையே சொன்னாரென்று கொள்ளத் தோன்றும். 1983 முதல் 1994 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலே ஓவியம் பயிற்றிய பொப் றொஸ் என்பவரையும் இங்கே நினைக்கலாம். அவருடைய தணிந்த குரலையும், தூரிகை திரைச்சீலையிலே உராயும் ஓசையையும் கேட்பதற்காகவே, வரையும் நோக்கமின்றி இன்றும் அவர் நிகழ்ச்சிகளைப் போட்டுக் கேட்போர் பலர்.

காதோடு பேசும் குரலுக்கு ஏன் இத்தகைய வலிமை? சாதாரணமாய்ப் பேசும்போது மிடற்றிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. இரகசியம் பேசும்போதோ அவை அதிர்வதில்லை; இடுக்கின் வழியே மூச்சு உராய்ந்து செல்லும் ஓசையையே நாவும் உதடுகளும் சொற்களாக்குகின்றன. உரையாடலின் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல் ஆயின், இரகசியப் பேச்சு 30 டெசிபெல் அளவே. அத்துணை மெலிந்த ஒலி தெளிவாய்க் கேட்கவேண்டுமாயின் பேசுபவர் மிக அண்மையில் இருத்தல் வேண்டும். அண்மையில் வந்து காதோடு பேச எல்லோருக்கும் உரிமையில்லை. தாய், துணைவர், நெருங்கிய தோழர், நோயுற்ற காலத்தில் அருகிருந்து பார்ப்பவர் என்ற சிலருக்கே அவ்வுரிமை உண்டு. ஆகவே சொற்களின் பொருள் விளங்குமுன்பே, ஒலியின் இயல்பே 'வேண்டியவர் ஒருவர் பக்கத்திலிருக்கின்றார்' என்று உணர்த்திவிடுகின்றது.

இவ்வுணர்வைக் கருவிகளும் வளர்க்கின்றன. வலப்புறத்து ஒலி வலக்காதை முதலில் அடைந்து, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் பிந்தியே இடக்காதை அடைகின்றது. அச்சிறு வேற்றுமையையும், இரு காதுகளிலும் ஒலியின் வலிமை மாறுபடுவதையும் கொண்டு மூளை திசையை அறிகின்றது. மனிதக் காதின் வடிவிலே செய்த இரு ஒலிவாங்கிகளால் பதிவு செய்து, காதுக்கருவி வழியாகக் கேட்டால், இல்லாத ஒருவர் இடப்புறமிருந்து வலப்புறம் நடந்து வந்து பேசுவதுபோலவே இருக்கும்.

விஞ்ஞானிகள் இத்துறையிலே காலெடுத்து வைத்தது அண்மையிலேதான். சுவான்சீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மா பரட், நிக் டேவிஸ் என்போர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே 475 பேர் விடையளித்தனர். நூற்றுக்கு 82 பேர் உறங்குவதற்காகவும், 70 பேர் மனவழுத்தத்தைத் தணிப்பதற்காகவும் இவ்வொலிகளை நாடுவதாகக் கூறினர். சிலிர்ப்பை எழுப்புவனவற்றுள் இரகசியப் பேச்சே முதலிடம் பெற்றது. 2018ஆம் ஆண்டில் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலியா பொயேரியோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்விலே, இவ்வியல்புடையோர் அக்காணொளிகளைப் பார்க்கையில் அவர்தம் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரி 3.14 குறைந்தது தெரிந்தது. வியப்பு யாதெனில், அதே வேளையில் தோலின் மின்கடத்துந் தன்மை, அதாவது கிளர்ச்சியின் அறிகுறி, அதிகரித்தது. அமைதியும் கிளர்ச்சியும் ஓருடலில் ஒருங்கே நிகழ்ந்தன.

இவற்றைக் கண்டு இது ஒரு மருந்தென்று துணிதல் தவறு. 2015இல் விடையளித்தோர் இதனை முன்பே விரும்பியவர்கள். கருப்பஞ்சாறு பருக வந்தவர்களிடம் இனிப்பைப் பற்றிக் கருத்துக் கேட்டாற்போன்றது அது. அன்றியும், இவ்வொலிகளால் ஏதும் உணராதவர்களும் உண்டு. மெல்லும் ஓசையையும் குசுகுசுப்பையும் கேட்டாலே சினம் பொங்குபவர்களும் உண்டு. அவர்களை உணர்ச்சியற்றவர்களென்றோ முரடர்களென்றோ கொள்ளுதல் நியாயமாகாது.

ஐயத்தோடு நோக்கிய அரசுமுண்டு. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சீனாவின் ஆபாசத் தடுப்பு அலுவலகம், இவ்வகைக் காணொளிகளிலே ஆபாசமானவற்றை நீக்குமாறு இணைய நிறுவனங்களைப் பணித்தது. அத்தகையன சில இருந்தமை மெய்யே. ஆயின் சுவான்சீ ஆய்விலே காம உணர்ச்சிக்காக இதனை நாடுவோர் நூற்றுக்கு 5 பேரே. வணிகர்களோ தடுக்கவில்லை, தழுவிக்கொண்டனர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்கக் காற்பந்தாட்ட இறுதிப்போட்டியின்போது, நடிகை ஸோயி க்றவிட்ஸ் ஒலிவாங்கிகளுக்கு முன் இரகசியக்குரலில் பேசி, பியர்ப் போத்தலை விரல்நகத்தால் தட்டும் விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. தாய்க்கும் தோழிக்கும் உரிய குரல் போத்தல் விற்கப் புறப்பட்டமையே, தணிக்கையாளர் அஞ்சியதைக் காட்டிலும் கவலைக்குரியது எனலாம்.

இது பொய்யான பரிவென்று சொல்வாருமுளர். ஆயிரக்கணக்கானோருக்கு ஒருங்கே சொல்லப்படும் 'நீ நன்றாய் உறங்கு' என்பது எவருக்குச் சொல்லப்பட்டது என்பது அவர்தம் கேள்வி. வானொலியைக் கேட்போர் இக்கேள்விக்குப் புதியவர்களல்லர். முகமறியாத குரலொன்று தலையணைக்கருகே வந்து பேசுவதையும், அதனால் தனிமை சிறிது குறைவதையும் அவர்கள் அறிவார்கள். துணைவரை இழந்த முதியவருக்கும், தூரதேசத்து அறையிலே உறக்கமின்றிக் கிடக்கும் மாணவனுக்கும் அக்குரல் அளிக்கும் அரைமணி அமைதி பொய்யன்று. அக்குரலே போதுமென்று அவர்கள் அடுத்த வீட்டாரோடு பேசுவதையும் விட்டுவிடுவாராயின், அப்போதுதான் கணக்கிலே நட்டம் தொடங்கும்.

2022ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள டிசைன் மியூசியம் இதனைப் பொருளாகக் கொண்டு கண்காட்சியொன்று நடத்தியது. மூளையின் மடிப்புகள்போல வளைந்து வளைந்து செல்லும் நீண்ட தலையணையொன்றை அங்கே அமைத்திருந்தனர். ஒருவரையொருவர் அறியாத மக்கள் அதன்மேல் அருகருகே சாய்ந்து, மெல்லொலிகளைக் கேட்டுக் கிடந்தனர்.